சாம்பல் நிறத்தின் வரலாறு: சாயல் வளையியும் கறுப்பு வெள்ளை அச்சும் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

கலையின் வரலாற்றைக் கலைஞரின் வரலாறாகவும், கலைஞரின் வரலாற்றை அவர்தம் உள்ளுணர்வின் வரலாறாகவும் எழுதும் வழக்கம் நம்மிடையே இன்னும் நிலவுகின்றது. இலக்கிய ஆய்வில் இப்போக்கின் போதாமை பல்லாண்டுகளாகச் சுட்டிக்காட்டப்பட்டு வந்துள்ளது. ஏட்டுச் சுவடி அச்சு நூலாகியபோது உரைநடையும் வாசகனும் எவ்வாறு மாறினர் என்பதை ஆராயாது தமிழ் நாவலின் தோற்றத்தை விளக்க இயலாது என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயின், புகைப்படக் கலை பற்றிய விமரிசனத்தில் இத்தெளிவு ஏற்பட்டுள்ளதாகக் கூறமுடியாது. படத்தை எடுத்தவர் யார், எடுக்கப்பட்ட பொருள் யாது என்னும் இரு வினாக்களோடு அது நின்றுவிடுகின்றது. அப்படம் தாளில் எவ்வாறு அச்சேறியது, அதன் கருமையையும் வெண்மையையும் அவற்றிற்கு இடைப்பட்ட எண்ணற்ற சாம்பல் நிறங்களையும் தீர்மானித்தவர் யார் என்னும் மூன்றாவது வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

இக்கட்டுரை அம்மூன்றாவது வினாவினை ஆராய முற்படுகின்றது. இங்க்ஜெட் எனப்படும் மைத்தாரை அச்சுப்பொறியிலே கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடும் முறையின் வளர்ச்சியை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம். இத்துறையில் இரு கருவிகள் முதன்மை பெறுகின்றன. ஒன்று, சாயல் வளையி. புகைப்படத் தொழிலாளர் டோன் என வழங்கும் ஒளிநிழற் படிநிலையையே இங்கு சாயல் என்கின்றோம். உள்ளே செல்லும் ஒவ்வொரு சாயலும் வெளியே எச்சாயலாக வருதல் வேண்டும் என்பதை ஒரு வரைபிற் காட்டுவது சாயல் வளையியாகும். மற்றையது, கலர் புறொபைல் எனப்படும் நிறவிவரணக் கோப்பு. குறித்ததோர் அச்சுப்பொறியும் மையும் தாளும் சேர்ந்து உண்மையில் எந்நிறங்களைத் தருகின்றன என்பதை அளந்து பதிவு செய்வது அது. வளையி மாற்றுவது, கோப்பு விவரிப்பது. இவ்வேறுபாடு பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

இவ்விரண்டும் வெறும் தொழில்நுட்பச் சாதனங்கள் என்பதே பொதுவான கருத்து. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு வளையியிலே, பல தலைமுறைத் தொழிலாளரின் கண்ணும் கையும் பெற்ற அறிவு எண்களாக உறைந்து கிடக்கின்றது. அவ்வறிவினை எவர் படிக்கலாம், எவர் திருத்தலாம், எவரிடமிருந்து அது மறைக்கப்படுகின்றது என்பன உடைமை பற்றிய வினாக்களாகும்.

2

சாயல் வளையி கலைஞரின் கூடத்திற் பிறந்ததன்று. இரசாயனத் தொழிற்சாலையின் நிழலிற் பிறந்தது. அக்காலத்தில் இங்கிலாந்தின் லங்கஷயர் பகுதியைச் சேர்ந்திருந்த விட்னஸ் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் காரக் கைத்தொழிலின் முக்கிய மையமாக விளங்கிற்று. அங்குள்ள கஸ்கெல் டீகன் தொழிற்சாலையிலே பெர்டினண்ட் ஹர்ட்டர் என்னும் சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளரும், வேரோ சாள்ஸ் டிரிபீல்ட் என்னும் பொறியியலாளரும் பணியாற்றினர். ஓய்வு நேரத்திற் புகைப்படம் எடுத்த இவ்விருவரும், அக்காலப் புகைப்படக்காரர் ஊகத்தாலும் பழக்கத்தாலும் வேலை செய்வதைக் கண்டு நிறைவு கொள்ளவில்லை. உலைகளையும் கலவைகளையும் அளந்து பழகிய அவர்கள், ஒளியையும் அவ்வாறே அளக்க முனைந்தனர்.

1890இல் இரசாயனக் கைத்தொழிற் கழகத்தின் சஞ்சிகையில் அவர்களது ஆய்வு வெளிவந்தது. நியம மெழுகுதிரியின் ஒளியைக் கணித்த கால அளவுகளிற் கண்ணாடித் தட்டின்மீது படச்செய்து, உருத்துலக்கிய பின் அதிற் படிந்த வெள்ளியின் கருமையை அவர்கள் அளந்தனர். அக்கருமையை அடர்த்தி என்னும் மடக்கை அளவாற் குறித்தனர். ஒளியளவின் மடக்கையைக் கிடையச்சிலும் அடர்த்தியை நிலையச்சிலும் கொண்டு வரைந்தபோது, பாம்பு தலை நிமிர்த்தியது போன்றதொரு கோடு கிடைத்தது. அடியில் மெல்ல எழும் கால்பகுதி, நடுவில் நேராக ஏறும் பகுதி, உச்சியில் மீண்டும் சாயும் தோட்பகுதி என அது மூன்று பகுதிகளையுடையது. நேர்ப்பகுதியில் மட்டுமே உலகின் ஒளிவேறுபாடுகள் ஒழுங்கான விகிதத்திற் பதிவாகின்றன. காலிலும் தோளிலும் அவை நெருக்குண்கின்றன. இன்று கணினித் திரையில் நாம் இழுத்து வளைக்கும் கோட்டின் மூதாதை இதுவே.

இக்கண்டுபிடிப்பு அழகியலுலகில் ஏற்படுத்திய அதிர்ச்சி இலக்கிய மாணவருக்குச் சிறப்பான அக்கறைக்குரியது. பீற்றர் ஹென்றி எமர்சன் 1889இல் இயற்பண்புவாதப் புகைப்படக் கலை பற்றி ஒரு நூல் எழுதியவர். நோர்போக் பகுதியின் நீர்நிலைகளிலும் வயல்களிலும் உழைத்த மக்களைப் படமெடுத்தவர். ஐரோப்பிய நாவலிலும் ஓவியத்திலும் வளர்ந்துகொண்டிருந்த இயற்பண்புவாதத்தின் புகைப்படப் பிரதிநிதியாக அவரைக் கொள்ளலாம். உருத்துலக்கும்போது சாயல்களின் விகிதத்தைத் தன் விருப்பப்படி மாற்றும் வல்லமை கலைஞனுக்கு உண்டு என்பது அவரது கோட்பாட்டின் அடித்தளங்களுள் ஒன்று. ஆனால் ஹர்ட்டரும் டிரிபீல்டும் அவ்விகிதங்கள் ஒளிபடுத்தும் கணத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன என வாதிட்டனர். அவ்வாய்வு வெளிவந்து ஓராண்டு நிறைவுறுமுன் எமர்சன், இயற்பண்புவாதப் புகைப்படக் கலையின் மரணத்தை அறிவிக்கும் துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கருங்கரையிட்டு வெளியிட்டார். அவரது மனமாற்றத்திற்கு வேறு காரணங்களும் கூறப்படுவதுண்டு. எனினும், விட்னசின் வளையி அவற்றுள் முக்கியமானது.

எமர்சனின் ஏமாற்றத்தில் உறைந்துள்ள கருத்தோட்டம் யாது? விதிக்குக் கட்டுப்பட்டது கலையாகாது, கலைஞனின் சுதந்திரம் காரணகாரியத் தொடருக்கு வெளியே நிற்பது என்பதே. இது கற்பனாவாதத்தின் எச்சம். சுதந்திரம் என்பது அவசியத்தை அறிந்துகொள்வதிலே தங்கியுள்ளது என ஏங்கல்ஸ் விளக்கிய கருத்தினை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். யாப்பினை அறிந்தவனே அதனை நெகிழ்த்தவும் வல்லன் என்பதை நமது இலக்கிய மரபும் அறியும். வளையியைக் கண்டு அஞ்சியவர் புகைப்படம் கலை என்னும் கோட்பாட்டைக் கைவிட்டார். வளையியைப் பயின்றோர் அதனைக் கருவியாக்கினர்.

3

அக்கருவி எவர் கைக்குச் சென்றது என்பதே அடுத்த கட்ட வரலாறு. ஹர்ட்டர், டிரிபீல்டின் முறையினை லண்டனில் ஆராய்ந்து வளர்த்தவர்களுள் ஒருவரான கென்னத் மீஸ், 1912இல் அமெரிக்காவின் றொச்செஸ்டர் நகரிற் கொடாக் நிறுவனம் அமைத்த ஆய்வுகூடத்தின் தலைமையை ஏற்றார். அவரைப் பெறும்பொருட்டு, அவர் பணியாற்றிய இங்கிலாந்து நிறுவனத்தையே கொடாக் விலைக்கு வாங்கிற்று. ஓய்வுநேர ஆராய்ச்சியாகத் தொடங்கியது சில பத்தாண்டுகளுக்குள் ஏகபோக நிறுவனமொன்றின் மூலதனமாயிற்று.

அவ்வாய்வுகூடத்தைச் சேர்ந்த லொயிட் ஜோன்ஸ் 1920இற் சாயல் மீளாக்கக் கோட்பாட்டினை வெளியிட்டார். காட்சி, நெகற்றிவ், தாள், இறுதியிற் பார்ப்பவன் கண் என ஒன்றையொன்று தொடரும் கட்டங்களை ஒரே வரைபின் நான்கு காற்பகுதிகளில் இணைத்துக் காட்டும் முறை அது. ஒரு கட்டத்தின் வளைவை மற்றொரு கட்டத்தின் எதிர்வளைவால் ஈடுசெய்யலாம் என்பது அதன் சாரம். நவீன நிறமுகாமையின் கருத்தடிப்படை முழுவதும் இதனுள் கருவாகவுள்ளது எனக் கூறின் மிகையாகாது.

நடைமுறையில் இவ்வறிவு தாள்ப்பெட்டிக்குள் அடைக்கப்பட்டு விற்கப்பட்டது. மென்மையான தாள், கடினமான தாள் என எண்ணிடப்பட்டு வந்த ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு வளையியாகும். புகைப்படக்காரர் வளையியை வரையவில்லை, வாங்கினார். கருத்தாக்கம் வேறாகவும் நிறைவேற்றம் வேறாகவும் பிரிவதே முதலாளித்துவத் தொழின்முறையின் அடிப்படை இயல்பு என ஹரி பிரேவர்மன் 1974இல் எழுதிய நூலில் விளக்கினார். இங்கும் அதுவே நிகழ்ந்தது.

ஆயினும் இப்பிரிவினை இருட்டறையில் முழுமை பெறவில்லை. ஒளிக்கற்றைக்கு இடையே கையை அசைத்து ஒரு முகத்தை வெளிறச் செய்வதும், வானத்திற்கு மட்டும் மேலதிக ஒளி கொடுத்து இருளச் செய்வதும் அச்சிடுவோரின் தேர்ச்சியாகவே எஞ்சின. 1950இற் பரிஸ் நகரிற் பியர் கஸ்மன் நிறுவிய பிக்டோ என்னும் அச்சுக்கூடம், தன் படங்களைத் தானே அச்சிடாத கார்த்தியே பிரெசோன் போன்றோருக்கு அச்சுப்படி ஆக்கிக் கொடுத்தது. இத்தகைய கூடங்களில் உழைத்தோரின் பெயர்கள் படங்களின் கீழ் இடம்பெறுவது அரிது. கலைஞனின் நடை என விமரிசகர் போற்றுவதில் ஒரு பங்கு, பெயரறியாத் தொழிலாளரின் கண் தீர்மானித்த சாம்பல் நிறமாகும்.

மறுபுறத்தில், அளவியலை உழைப்போர் கைக்கு மீட்கும் முயற்சியும் இதே காலத்தில் எழுந்தது. 1939-40 காலப்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் கலைப் பள்ளியொன்றிற் கற்பித்த அன்சல் அடம்சும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்த வலய முறை, ஆய்வுகூட வளையியை வயலில் நிற்கும் புகைப்படக்காரர் பயன்படுத்தக்கூடிய பதினொரு படிகளாக மாற்றியது. முழுக்கருமை தொடங்கி முழுவெண்மை வரையுள்ள அப்படிகளில் எப்பொருளை எப்படியில் வைப்பது என முன்கூட்டியே தீர்மானிக்கலாம். எமர்சனுக்கு விலங்காகத் தோன்றிய அதே விதி, அரை நூற்றாண்டின் பின் அடம்சுக்கு இசையாயிற்று. ஒரே அறிவு, எவர் கையில் எவ்வாறு உள்ளது என்பதைப் பொறுத்து, ஒடுக்கும் கருவியாகவும் விடுவிக்கும் கருவியாகவும் அமையலாம் என்பது இதனாற் பெறப்படும்.

4

கணினியின் வருகையோடு வளையி தாள்ப்பெட்டியை விட்டு வெளியேறிற்று. படம், 0 முதல் 255 வரையான எண்களின் அணியாக மாறியதும், எந்த எண்ணை எந்த எண்ணாக மாற்றுவது என்பது திரையிலே ஒரு கோட்டை இழுக்கும் செயலாயிற்று. தோற்றத்தில் இது மாபெரும் விடுதலையே. ஆனால் அவ்வெண்களை மையாக மாற்றும் அச்சுப்பொறி வேறொரு நோக்கத்திற்காக ஆக்கப்பட்டிருந்தது.

மைத்தாரைப் பொறிகள் வர்ண அச்சின் சந்தைக்காகவே வளர்ந்தன. கலை அச்சில் முதலிற் புகழ்பெற்ற ஐரிஸ் பொறி, விளம்பரத் தொழிலின் மாதிரிப்படிகளுக்காக ஆக்கப்பட்டது. இசைக்கலைஞர் கிரஹாம் நாஷும் மக் ஹோல்பேர்ட்டும் 1991இற் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நிறுவிய நாஷ் எடிஷன்ஸ் அதனைக் கலை அச்சுக்குத் திருப்பிற்று. அங்கு பணியாற்றிய ஜக் டுகான் அவ்வாண்டு ஜிக்லே என்னும் பிரெஞ்சுத் தொனியுடைய பெயரை அத்தகைய அச்சுகளுக்குச் சூட்டினார். தொழிற்கருவியின் மணம் வீசாத பெயர் சந்தையில் விலை பெறும் என்பது அவர்கட்குத் தெரிந்திருந்தது.

வர்ணப்பொறி சாம்பல் நிறத்தை எவ்வாறு ஆக்குகின்றது? நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மூன்று மைகளையும் சமன்செய்து ஆக்குகின்றது. மூன்றில் ஒன்று சிறிது மிகினும் சாம்பல் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறும். நிழலில் ஒரு நிறமும் ஒளிர்பகுதியில் வேறொரு நிறமுமாக ஒரே படத்தில் இரு சாயைகள் தோன்றும். மேலும், மின்குமிழின் கீழ் நடுநிலையாகத் தோன்றும் அச்சு, சாளரத்தருகே கொண்டுசென்றதும் பச்சை கொள்ளும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எப்சன் 2000பீ பொறி, நீண்டகாலம் மங்காத நிறமி மைகளைக் கொண்டுவந்தது. எனினும், அதன் கறுப்பு வெள்ளை அச்சுகள் பகலொளியிற் பச்சை கொள்வது பரவலாகக் குறைகூறப்பட்டது. வர்ணப்படத்திற் கண்ணுக்குத் தப்பும் சிறு பிசகு, வேறு நிறமே இல்லாத படத்தில் உடனே புலப்பட்டு விடுகின்றது.

இதே காலத்தில் நிறங்களின் மொழியைப் பொதுமைப்படுத்தும் முயற்சியும் நடைபெற்றது. 1993இல் அடோப், அக்பா, அப்பிள், கொடாக், மைக்ரோசொப்ட் முதலிய எட்டு நிறுவனங்கள் கூடிச் சர்வதேச நிறக் கூட்டமைப்பை நிறுவின. ஐ.சி.சி. கோப்பு என இன்று வழங்குவது அதன் ஆக்கமே. ஒவ்வொரு பொறியும் தன் தனிமொழியை ஒரு பொதுமொழிக்கு மாற்றித் தெரிவிக்குமாயின், எப்பொறியின் படத்தையும் எப்பொறியிலும் அச்சிடலாம் என்பது அதன் அடிப்படை. அப்பொதுமொழி 1931இல் வகுக்கப்பட்ட நியம நோக்குநர் என்னும் கற்பித மனிதனின் பார்வையிலிருந்து பெறப்பட்டது. இங்கிலாந்தில் ரைட், கில்ட் ஆகிய இருவரும் தனித்தனியே செய்த சோதனைகளிற் பங்குபற்றிய பதினேழு பேரின் கண்களது சராசரியே அந்நியம மனிதன். உலகின் எல்லா அச்சுப்பொறிகளும் அப்பதினேழு பேரின் பார்வைக்கே இன்றும் பெருமளவிற் கணக்குச் சொல்லுகின்றன. இதனால் அவ்வளவீடு பொய் என்பது கருத்தன்று. பின்வந்த ஆய்வுகள் அதன் பயன்பாட்டை உறுதி செய்துள்ளன. பொதுமை எனப்படுவதும் குறித்ததோர் இடத்திற் குறித்த மனிதரைக் கொண்டு ஆக்கப்பட்டதே என்பதை மறவாதிருத்தல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

கறுப்பு வெள்ளை அச்சினைப் பொறுத்தவரை, ஐ.சி.சி. கோப்புக்கு மற்றொரு வரம்பும் உண்டு. எண்களைப் பெற்று எந்த மையை எவ்வளவு தெளிப்பது எனத் தீர்மானிப்பது, உற்பத்தியாளர் வழங்கும் டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். அத்தீர்மானம் மூடிய பெட்டிக்குள் நடைபெறுகின்றது. கோப்பு அப்பெட்டிக்கு வெளியே நின்று, வெளிவந்த விளைவை மட்டுமே விவரிக்கும். கறுப்பு மையையும் அதன் நீர்த்த வடிவங்களையும் மட்டும் பயன்படுத்துக என அச்சிடுவோன் விரும்பினும், அக்கட்டளையை ஏற்கும் வாயில் அங்கு இருக்கவில்லை. விவரிக்கும் உரிமை யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்திடமே தங்கிற்று.

5

இம்மூடிய பெட்டியைத் திறந்தவர்கள் பெருநிறுவனத்தவரல்லர். அச்சுக் கைவினைஞரும் தனி மென்பொருளாளருமே. வேர்மொண்ட் மாநிலத்தில் அச்சுக்கூடம் நடத்திய ஜோன் கோன், 2000ஆம் ஆண்டளவிற் பீசோகிராபி என்னும் முறையினை வெளியிட்டார். வர்ண மைகளை முற்றாக நீக்கி, அவ்விடங்களில் வெவ்வேறு செறிவுள்ள சாம்பல் மைகளை நிரப்புவது அதன் அடிப்படை. 2003ஆம் ஆண்டளவில் றோய் ஹாரிங்டன் குவாட்டோன்ரிப் என்னும் மென்பொருளை உருவாக்கினார். எப்சன் பொறிகளின் இயக்கியைத் தவிர்த்து ஒவ்வொரு மைக்கும் நேரடியாகக் கட்டளையிடும் அம்மென்பொருள், ஐம்பது டொலருக்குப் பயன்படுத்தக் கிடைத்தது. மைகளின் அளவைத் தீர்மானிக்கும் அதன் வரையறைகள், எவரும் திறந்து படித்துத் திருத்தக்கூடிய எளிய எழுத்துக் கோப்புகளாக இருந்தன. இதுவே அதன் வரலாற்று முக்கியத்துவம்.

இம்முறையில் வேலை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். முதலில், குறித்த தாள் எவ்வளவு மையைத் தாங்கும் என அறிதல் வேண்டும். ஓரெல்லைக்கு மேல் மை ஊற்றினால் கருமை மிகாது. மாறாகக் குறையவும் கூடும், மை கசியவும் கூடும். அடுத்து, மைகளைப் பங்கிடுதல் வேண்டும். ஒளிர்பகுதியில் மிக நீர்த்த சாம்பல் மை தனியே தொடங்கும். அது தன் எல்லையை நெருங்குமுன் இடைச்சாம்பல் வந்து கலக்கும். நிழலில் மட்டுமே முழுக்கறுப்பு நுழையும். ஒன்றின்மேல் ஒன்று தழுவி எழும் மலைத்தொடர்போல இவ்வளையிகள் அமைகின்றன. ஒரு மை முடியுமிடமும் மறுமை தொடங்குமிடமும் கண்ணுக்குப் புலப்படாதிருத்தலே தேர்ச்சி.

இறுதியாக நேர்கோடாக்கல். வெண்மை முதல் கருமை வரை இருபத்தொரு படிகளுள்ள பட்டையொன்றை அச்சிட்டு, மை உலர்ந்த பின் ஒவ்வொரு படியையும் அளவுமானியால் அளப்பர். திருத்தப்படாத நிலையில், தெளிக்கப்பட்ட துளி தாளிற் பரவுவதால் இடைச்சாயல்கள் வேண்டியதிலும் விரைவாகக் கறுத்துவிடும். நிழற்படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அளந்த கோட்டின் எதிர்வடிவத்தை மைவளையியினுட் புகுத்தினால், படிகள் சம இடைவெளியில் விரியும். ஜோன்ஸ் 1920இற் காட்டிய எதிர்வளைவுத் தத்துவமே இங்கும் செயற்படுகின்றது. அதன் பின்னரே அவ்வச்சினை அளந்து சாம்பல் நிறத்துக்குரிய ஐ.சி.சி. கோப்பு ஆக்கப்படும். அக்கோப்பு, திரையிலே அச்சின் உண்மைத் தோற்றத்தை முன்கூட்டிக் காண உதவும். முதலில் வளையி, பின்னர் விவரணம். வரிசை மாறின், ஒழுங்கற்ற பொறியொன்றின் பிழைகளை நுணுக்கமாக விவரித்ததாகவே முடியும்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. நேர்கோடு என்பது எதற்கு நேர்? அடர்த்தியின் அளவில் நேரான படிகள் கண்ணின் அளவில் நேரானவையல்ல. ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தை மட்டும் திருப்பியனுப்பும் பரப்பே கண்ணுக்கு நடுச்சாம்பலாகத் தோன்றும் என்பது பலரும் அறிந்ததே. 1976இல் வகுக்கப்பட்ட ஒளிர்மை அளவு இவ்வியல்பைத் தழுவி, கருமையை 0 எனவும் வெண்மையை 100 எனவும் கொள்ளும். எந்த அச்சில் நேர்கோடு வரைவது என்பதே ஒரு தெரிவு. அத்தெரிவிற்கேற்ப நிழல் திறக்கும் அல்லது மூடும். ஆகவே, மிக நடுநிலையானதாகத் தோன்றும் நேர்கோட்டினுள்ளும் மனிதத் தீர்ப்பு ஒன்று ஒளிந்துள்ளது.

கைவினைஞரின் இம்முயற்சிகளுக்குப் பெருநிறுவனம் அளித்த மறுமொழியும் குறிப்பிடத்தக்கது. 2005இல் எப்சன் நிறுவனம் மூன்று கறுப்பு மைகளைக் கொண்ட ஆர்2400 பொறியையும், மேம்பட்ட கறுப்பு வெள்ளை முறை என்னும் வசதியையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரும்பங்கு சாம்பல் மைகளாலும், சிறுபங்கு வர்ண மைகளாலும் அச்சிடும் இம்முறையினாற் பல்லாயிரம் பேர் எளிதாக நல்ல அச்சுப் பெற்றனர் என்பது உண்மை. ஆயின் வளையி மீண்டும் பெட்டிக்குள் சென்றது. பயன்படுத்துவோருக்குச் சில தெரிவுகள் மட்டும் வெளியே விடப்பட்டன.

அதே 2005இல் அக்பாபோட்டோ நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. கொடாக் தன் கறுப்பு வெள்ளைத் தாள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. முந்திய ஆண்டில் நிர்வாகிகளின் பொறுப்பிற் சென்ற இல்போர்ட், அவ்வாண்டில் அதன் முகாமையாளர்களாலேயே வாங்கப்பட்டுப் பிழைத்தது. ஒரு நூற்றாண்டாக வளையியைத் தாள்ப்பெட்டியில் விற்ற மூலதனம் பின்வாங்க, அதனை மைக்குப்பியில் விற்கும் மூலதனம் அவ்விடத்தை நிரப்பிற்று. பொறியை மலிவாகவும் மையை உயர்விலையிலும் விற்பது இத்தொழிலின் வழமையான வாணிப முறை. குப்பிகளிற் பொருத்தப்படும் சில்லுகள் பிறர் மையைப் பயன்படுத்துவதைத் தடுக்கவும் பயன்பட்டன. லேசர் அச்சுப்பொறிக் குப்பிகள் தொடர்பாக லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடுத்த வழக்கிலே, விற்ற பொருளின்மீது காப்புரிமையைத் தொடர்ந்து செலுத்த முடியாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. மைக்குப்பியின் உடைமை பற்றிய போராட்டம் நீதிமன்றம் வரை சென்றமை, இது வெறும் அழகியற் பிரச்சினையன்று என்பதற்குப் போதிய சான்று.

6

இவ்வரலாறு நம்மைத் தொடும் இடம் யாது? வர்ணப் புகைப்படத் துறையிற் கொடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய சோதனை அட்டைகள் ஷேர்லி அட்டைகள் என வழங்கின. அவற்றில் நெடுங்காலம் வெள்ளை இனப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. பல இன முகங்கள் கொண்ட அட்டைகள் 1990களிலேதான் அந்நிறுவனத்தாற் பரப்பப்பட்டன. இவ்வரலாற்றைக் கனடிய ஆய்வாளர் லோர்னா றோத் 2009இல் விரிவாக எழுதியுள்ளார். கறுப்பு வெள்ளையில் அவ்வாறான முக அட்டை ஆதிக்கம் செலுத்தவில்லை. ஆயினும் அதே வினா வேறு வடிவில் அங்கும் உள்ளது. வெளிறிய தோல் வளையியின் மேற்பகுதியில் விசாலமாக அமர்கின்றது. கரிய தோல் வளையியின் கீழ்ப்பாதியில், நிழல்கள் நெருக்குண்ணும் இடத்திலே அமர்கின்றது. பளபளப்பான தாளிற் கருமையின் அடர்த்தி 2.2 வரை செல்லக்கூடும். மங்கல் தாளில் அது பெரும்பாலும் 1.7ஐத் தாண்டுவதில்லை. ஒளிர்மை அளவிற் கூறுவதாயின், முன்னையதன் கறுப்பு ஏறத்தாழ 6. பின்னையதன் கறுப்பு ஏறத்தாழ 15. இவ்வாறு குறுகிய வெளிக்குட் படத்தைச் சுருக்கும்போது எதனை விட்டுக்கொடுப்பது என வளையி தீர்மானிக்கின்றது. கவனமின்றி வரைந்த வளையி முதலில் விட்டுக்கொடுப்பது நிழலையே. அதாவது கரிய உடலின் தசைநெளிவையும் கண்ணிமையின் கீழுள்ள மெல்லிய ஒளியையுமே.

நமது நாட்டின் லயனல் வென்டை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1944இல் அவர் மறைந்த பின் அவரது நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அவர் காலத்து அச்சுப்படிகளே. இந்நாட்டு உழைப்போரின் கரிய உடல்களை நுண்ணிய நிழல்வேறுபாடுகளுடன் பதிவு செய்தவர் அவர். மூலம் இல்லாத நிலையில், அவ்வச்சுகளைக் கணினியிற் பதிந்து மீள அச்சிடும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, ஒரு வளையியைத் தெரிவு செய்கின்றனர். அவ்வச்சினை அளந்து அதன் சாயல்களைத் தழுவி வளையி வரைந்தால், வருந்தலைமுறை அவர் கண்ட உடல்களைக் காணும். பொறியின் இயல்பான அமைப்பிலே விட்டுவிட்டால், றொச்செஸ்டரிலோ நகானோவிலோ தீர்மானிக்கப்பட்ட சராசரியையே காணும். சுவடிப் பதிப்பில் ஒரு சீர் பிழைப்பின் பாடபேதம் என்கின்றோம். நிழல் அடைந்துபோன அச்சும் ஒரு பாடபேதமே. ஏட்டுப் பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தையும் தள்ளிய பாடத்தையும் குறிப்பது போல, படப் பதிப்பாசிரியர் தாம் பயன்படுத்திய தாள், மை, வளையி, அளவீடு ஆகியவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இருபத்தொரு படிகளுள்ள பட்டையொன்றும், அளவுமானியொன்றும், அளந்ததை எழுதிவைக்கும் ஒழுக்கமுமே தேவை.

7

கறுப்பு வெள்ளை அச்சின் வரலாறு இரு தவறான கருத்தோட்டங்களுக்கு விடை பகர்கின்றது. சாயல் அளவிற்கு அடங்காதது, அது கலைஞனின் ஆன்மாவிலிருந்து ஊறுவது என்பது ஒன்று. எமர்சன் அதன் எல்லையில் நின்று புகைப்படம் கலை என்னும் கோட்பாட்டையே துறந்தார். ஜிக்லே என்னும் பெயரில் அது சந்தைப் பொருளாயிற்று. அளந்த எண்ணே உண்மை, பொறி தருவதே நடுநிலை என்பது மற்றையது. பதினேழு பேரின் கண்களும், பெயரறியா அச்சுத் தொழிலாளரின் கைகளும், நிறுவனங்களின் இலாப நோக்கும் அவ்வெண்ணினுட் கலந்துள்ளன என்பதை அது மறைக்கின்றது. முன்னையது உழைப்பை மறுக்கின்றது. பின்னையது உழைப்பை ஒளிக்கின்றது.

இவ்விரண்டிற்கும் மாறாக, அளவீடு தவிர்க்கவியலாதது, ஆயின் அளவீட்டின் விளைவு படிக்கத்தக்கதாகவும் திருத்தத்தக்கதாகவும் அதனைக் கொண்டு உழைப்போரிடம் இருத்தல் வேண்டும் என்பதே நாம் வந்தடையும் முடிவு. குவாட்டோன்ரிப்பின் திறந்த எழுத்துக் கோப்பு அத்திசையிலே ஒரு சிறு அடியாகும். ஏகபோக நிறுவனத்தின் பொறியையே அது இன்னும் சார்ந்து நிற்கின்றது என்பதையும், கருவியைத் திறப்பதனால் மட்டும் உற்பத்தி உறவுகள் மாறிவிடா என்பதையும் நாம் அறிவோம். எனினும், மூடியதாகக் கருதப்பட்ட பெட்டி திறக்கப்படக்கூடியது என்பதை அது செயலிலே காட்டிற்று.

புகைப்படம் ஒன்றினைக் காணும் ஆய்வாளர் இனி, எடுத்தவர் யார், எடுக்கப்பட்டது யாது என்பவற்றோடு அமையாது, இதன் சாம்பல் நிறம் எவருடைய தீர்மானம் என்றும் வினவுதல் வேண்டும். நமது ஆவணக் காப்பகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் கறுப்பு வெள்ளைப் படங்கள் எண்மயமாக்கப்படும்போது, அவ்வினாவுக்குரிய விடையும் படத்தோடு சேர்த்துப் பேணப்படுமாயின், நிழலில் நிற்கும் மனிதர் வரலாற்றிலிருந்து இரண்டாம் முறை மறைந்துபோகார்.